எண்ணெய்க் கிணற்றுப் பதிவுகளை ஒரே தரவுத்தளமாக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

அமெரிக்காவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் பதிவுகள் பெரும்பாலும் மாநில அரசுகளிடம்தான் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை, வடக்கு டகோட்டாவில் தொழில் ஆணையம், டெக்சஸில் ரயில்ரோடு கமிஷன். இந்தக் கமிஷன் 1891-ல் ரயில் கட்டணங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கப்பட்டது; இன்று ரயிலோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாநிலத்துக்கு ஓர் அலுவலகம், அலுவலகத்துக்கு ஒரு வடிவம். பெரும்பாலானவற்றை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சிக்கல் எல்லாம் அவற்றை ஒரே அட்டவணையில் சேர்க்கும்போதுதான் தொடங்குகிறது.

கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் திரையில் தெரியும் அறிகுறி எதுவோ அங்கே போங்கள். அதற்கு முன் ஒன்று: இறக்கிய மூலக் கோப்பை அப்படியே, இறக்கிய தேதியோடு, தனியாக வைத்துவிடுங்கள். திருத்தங்கள் எல்லாம் நகலில்தான். இனி வரும் பல இடங்களில் "மறுபடி மூலத்திலிருந்து ஏற்றுங்கள்" என்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

அறிகுறி: கிணற்று எண்ணின் நீளம் வரிக்கு வரி மாறுகிறது

எல்லா மாநிலங்களையும் இணைக்கும் ஒரே கயிறு ஏபிஐ எண், அதாவது அமெரிக்கப் பெட்ரோலியக் கழக முறைப்படி ஒவ்வொரு கிணற்றுக்கும் தரப்படும் அடையாள எண். முதல் 2 இலக்கம் மாநிலம், அடுத்த 3 கவுன்டி (மாநிலத்தின் உட்பிரிவு), அடுத்த 5 அந்தக் கிணற்றுக்கே உரியது. அப்புறம் பக்கத் துளைக்கு 2, அந்தத் துளையில் நடந்த வேலைக்கு 2. ஆக 10, 12, 14 என்ற மூன்று நீளங்களும் முறையானவை. வேறு நீளம் தெரிந்தால்தான் கோளாறு.

9, 11 அல்லது 13 இலக்கம் என்றால் முன்னால் இருந்த பூஜ்யம் போய்விட்டது. அலபாமா 01, ஆர்கன்சா 03, கலிபோர்னியா 04, கொலராடோ 05 போல 0-வில் தொடங்கும் மாநிலங்களில்தான் இது நடக்கும். இடப்பக்கம் ஒரு பூஜ்யம் சேர்த்தால் சரியாகிவிடும்.

8 இலக்கம் என்றால் அது வேறு கதை. டெக்சஸ் கமிஷன் தன் கோப்புகள் பலவற்றில் மாநில எண்ணான 42-ஐ எழுதுவதே இல்லை. கவுன்டி 3, கிணறு 5 அவ்வளவுதான். இதையும் "10 வரும்வரை பூஜ்யம் போடு" என்ற பொது விதியில் தள்ளினால் 00-ல் தொடங்கும், எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லாத கிணறுகள் உருவாகும். எனவே எண்ணைத் திருத்தும் விதியை நீளத்தை வைத்து எழுதாதீர்கள், எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதை வைத்து எழுதுங்கள்.

எண்ணின் கடைசியில் ".0" ஒட்டியிருந்தால், பைத்தான் மொழியின் தரவு நூலகமான பாண்டாஸ் அந்த நெடுவரிசையைத் தசம எண்ணாக எடுத்திருக்கிறது. நடுவில் ஒன்றிரண்டு வெற்றிடம் இருந்தாலே அப்படிச் செய்யும். கண்ணுக்கு அற்பமாகத் தெரியும், ஆனால் அடுத்த அட்டவணையோடு ஒரு வரிகூடப் பொருந்தாது. கோப்பைப் படிக்கும்போதே எல்லா நெடுவரிசைகளையும் எழுத்துச் சரமாக எடுக்கச் சொல்லுங்கள்.

4.23 என்று தொடங்கி "+13" என்று முடிந்தால் யாரோ எக்செலில் திறந்து சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) சேமித்திருக்கிறார்கள். 11 இலக்கத்துக்கு மேல் போனால் எக்செல் எண்ணைச் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது காட்டியதையே எழுதிவிடும். பின்னால் இருந்த இலக்கங்கள் போனது போனதுதான். மூலத்திலிருந்து மறுபடி ஏற்றுங்கள். ஏபிஐ எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ யாருக்கும் தேவை வராது. அது எண் உருவில் இருக்கும் ஒரு பெயர்.

அறிகுறி: டெக்சஸ் கிணறுகள் பென்சில்வேனியாவில் பதிவாகின்றன

ஏபிஐ மாநில எண்ணை அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் மாநில எண்ணோடு இணைத்துவிட்டீர்கள். இரண்டும் 2 இலக்கம், இரண்டும் ஏறக்குறைய அகரவரிசை, ஆனால் வேறு வேறு. ஏபிஐ-யில் 42 டெக்சஸ். ஃபிப்ஸில் 42 பென்சில்வேனியா. ஏபிஐ 35 ஓக்லஹோமா. ஃபிப்ஸ் 35 நியூ மெக்சிகோ. ஏபிஐ 05 கொலராடோ. ஃபிப்ஸ் 05 ஆர்கன்சா. பிழைச் செய்தி எதுவும் வராது, எல்லா வரியும் அழகாகப் பொருந்தும். அதுதான் இதன் ஆபத்து.

கவுன்டி எண்ணைப் பொறுத்தவரை ஃபிப்ஸ் பெரும்பாலும் ஒத்துப்போகும், முழுவதும் அல்ல. கலிபோர்னியாவின் கெர்ன் கவுன்டிக்கு ஃபிப்ஸ் 029. அங்கே கிணறுகள் அவ்வளவு அதிகம் என்பதால் ஏபிஐ-யில் 029-உடன் 030-உம் கெர்னுக்கே. இணைத்த பிறகு கலிபோர்னியாவில் கவுன்டி இல்லாத கிணறுகள் குவியலாக நின்றால் முதலில் 030-ஐப் பாருங்கள்.

அறிகுறி: ஒரே கிணறு இரண்டு, மூன்று முறை வருகிறது

கை தானாக "நகல் வரிகளை நீக்கு" என்ற கட்டளைக்குப் போகும். நிறுத்துங்கள். பாதிக்கு மேற்பட்ட சமயம் அவை நகல்களே அல்ல.

தரைக்கு மேல் ஒரு கிணறு. தரைக்குக் கீழே அதே வாயிலிருந்து பக்கவாட்டில் இன்னொரு துளை போட்டிருக்கலாம். 10 இலக்கம் அதேதான், 11, 12-வது இலக்கங்கள் 01 ஆகும். அதே துளையை வேறு பாறை அடுக்கில் மறுபடி திறந்து உற்பத்தி எடுத்திருக்கலாம்; அப்போது அடுக்குக்கு ஒரு வரி. ஃபிராக்கிங்கில் (பாறையை நீரழுத்தத்தால் பிளப்பதில்) சேர்க்கும் ரசாயனங்களைப் பதியும் ஃபிராக்ஃபோகஸ் தளத்தின் பதிவுகள் 14 இலக்கத்தில் வரும், மாநிலப் பட்டியல் 10-ல் இருக்கும். இத்தனையையும் ஒரே அட்டவணையில் திணிப்பதால்தான் "நகல்" தோன்றுகிறது.

மூன்று அட்டவணை வையுங்கள்: கிணறு (10), துளை (12), கம்ப்ளீஷன், அதாவது துளையை ஓர் அடுக்கில் உற்பத்திக்குத் திறந்த வேலை (14 அல்லது மாநிலத்தின் சொந்த எண்). உற்பத்தியும் ஃபிராக்கிங்கும் எந்த மட்டத்தில் பதிவானதோ அந்த மட்டத்தில் ஒட்டட்டும். இதற்குப் பிறகும் எல்லா நெடுவரிசையிலும் ஒன்றாக இருக்கும் இரண்டு வரி கிடைத்தால், அதுதான் நகல்.

அறிகுறி: கோப்பைத் திறந்தால் @@@@@ என்று வருகிறது

டெக்சஸின் பழைய கோப்புகளில் இதைப் பார்க்காதவர்கள் இல்லை. கோப்பு கெட்டுப்போகவில்லை. அது மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினிகளின் எப்சிடிக் எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறது. எப்சிடிக்கில் இடைவெளியின் மதிப்பு 64. நம் கணினியில் 64 என்றால் @. காலி இடமெல்லாம் @ ஆகிவிட்டது. இலக்கங்கள் 240 முதல் 249 வரை இருப்பதால் அவை கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும்.

பைத்தானில் சிபி037 என்ற குறியாக்கத்தில் படித்தால் எழுத்துகள் வந்துவிடும். ஆனால் முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். சில கோப்புகளில் எண்கள் எழுத்தாக இல்லாமல் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அமுக்கி வைக்கப்பட்டிருக்கும். 12345 என்ற எண் 12, 34, 5சி என்று மூன்று பைட்டில் அடங்கும். கடைசி அரைப் பைட்டான சி நேர்ம எண் என்று சொல்கிறது, டி என்றால் எதிர்மம். எழுத்துமாற்றத்தில் இவை சிதைந்துவிடும். கமிஷன் தரும் கையேட்டில் எந்தப் புலம் எத்தனாவது பைட்டில், எந்த வகையில் என்று இருக்கிறது. முதலில் பைட்டுகளாக வெட்டுங்கள், அப்புறம் புலம் புலமாக மாற்றுங்கள்.

எழுத்தெல்லாம் சரியாக வந்து, எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் ஆங்கில எழுத்தாக நின்றால், குறி அந்த இலக்கத்தின் மேலேயே ஏறியிருக்கிறது. { என்றால் 0, ஏ என்றால் 1, பி என்றால் 2, இப்படியே ஐ என்றால் 9. எதிர்ம எண்ணுக்கு } என்றால் 0, ஜே முதல் ஆர் வரை 1 முதல் 9.

கிணற்றுத் துளைக் கோப்பில் இன்னொரு கண்ணி உண்டு. ஒவ்வொரு பதிவும் 247 பைட். முதல் இரண்டு எழுத்து அது எந்த வகைப் பதிவு என்று சொல்லும்: 01 என்றால் கிணற்றின் தலைப்பதிவு, 02 என்றால் கம்ப்ளீஷன், இன்னும் பல. ஏபிஐ எண் 01-ல் மட்டும்தான், வகை எண்ணுக்கு அடுத்தே, கவுன்டி 3 இலக்கம் கிணறு 5 இலக்கம் என்று இருக்கும். 02-ல் தேடினால் கிடைக்காது. அதற்கு மேலே கடைசியாக வந்த 01-தான் அதன் தாய். ஆகவே கோப்பை வரிசை மாற்றினாலோ, வேகத்துக்காகத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல செயலிகளில் ஓட்டினாலோ, பிள்ளைகள் யாருடையவை என்றே தெரியாமல் போய்விடும். மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் படித்து, 01 வரும்போதெல்லாம் எண்ணை நினைவில் வைத்து, அடுத்து வருபவற்றில் ஒட்டிக்கொண்டே போங்கள்.

அறிகுறி: டெக்சஸின் எண்ணெய் உற்பத்தி நாடு முழுவதன் உற்பத்தியைத் தாண்டுகிறது

சரிபார்க்க இரண்டு எண் போதும். 2023-ல் அமெரிக்கா முழுவதும் நாளொன்றுக்குச் சுமார் 1 கோடியே 29 லட்சம் பீப்பாய் எடுத்தது. டெக்சஸின் பங்கு சுமார் 55 லட்சம். உங்கள் கூட்டல் இதைவிடப் பல மடங்கு என்றால் காரணம் ஒன்றுதான்.

டெக்சஸில் எரிவாயு கிணறு வாரியாகப் பதிவாகிறது. எண்ணெய் அப்படி இல்லை, லீஸ் (எண்ணெய் எடுக்கக் குத்தகைக்கு எடுத்த நிலம்) வாரியாக. ஒரு லீஸில் 20 கிணறு இருந்தாலும் மாதத்துக்கு ஒரே எண். அந்த லீஸை ஏபிஐ பட்டியலோடு இணைத்தால் அதே எண் 20 வரியிலும் வந்து உட்காரும்; கூட்டினால் 20 மடங்கு.

பலர் உடனே மொத்தத்தைக் கிணறுகளின் எண்ணிக்கையால் வகுத்து ஒவ்வொன்றுக்கும் பங்கு போடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முப்பது ஆண்டுகளாகச் சொட்டிக்கொண்டிருக்கும் செங்குத்துக் கிணறும், போன மாதம் திறந்த கிடைமட்டக் கிணறும் ஒரே அளவு தந்ததாகத் தரவுத்தளம் சொல்லும். அதைப் பயன்படுத்துபவருக்கு அது மதிப்பீடு என்றே தெரியாது. உற்பத்தியை லீஸ் மட்டத்திலேயே வையுங்கள். பங்கிட்டே தீர வேண்டுமென்றால் "மதிப்பீடு" என்று பெயரிட்ட தனி நெடுவரிசையில், எப்படிக் கணக்கிட்டது என்ற குறிப்போடு.

கூட்டல் சரி, ஆனால் ஒரு லீஸின் எண்கள் இன்னொன்றில் கலக்கின்றன என்றால், லீஸ் எண்ணை மட்டும் சாவியாக வைத்திருக்கிறீர்கள். அது கமிஷன் பிரித்த மாவட்டத்துக்கு மாவட்டம் திரும்ப வரும். எண்ணெயா வாயுவா, மாவட்டம், லீஸ் எண் மூன்றும் சேர்ந்ததுதான் சாவி. மாவட்டத்திலும் கவனம் தேவை: கமிஷனின் உற்பத்திக் கோப்பில் மாவட்ட எண் ஒரு நெடுவரிசை, மாவட்டப் பெயர் இன்னொன்று. 7பி, 7சி, 8ஏ என்று எழுத்து வைத்த மாவட்டங்கள் இருப்பதால் உள் எண்கள் நகர்ந்துவிட்டன. எண் 08 என்பது 7பி. மக்கள் 08 என்று அழைக்கும் மாவட்டத்தின் உள் எண் 10. மிட்லண்டில் இருக்க வேண்டிய லீஸ்கள் அபிலீன் பக்கம் போய் நின்றால் இங்கே பாருங்கள். அந்தக் கோப்பில் புலங்களைப் பிரிப்பது காற்புள்ளி அல்ல, } குறி. ஒரே நெடுவரிசையாக எல்லாம் ஏறினால் அதுதான் காரணம்.

அறிகுறி: வரைபடத்தில் கிணறுகள் இடம் மாறியிருக்கின்றன

எவ்வளவு தூரம் என்பதை வைத்தே காரணம் சொல்லிவிடலாம்.

மிட்லண்டின் கிணறுகள் சீனாவின் சிச்சுவானில் தெரிந்தால் தீர்க்கரேகையில் கழித்தல் குறி இல்லை. பென்சில்வேனியாக் கிணறுகள் அண்டார்டிகாவில் தெரிந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் ஒரே புள்ளியில் ஆயிரக்கணக்கில் குவிந்தால் அவை 0, 0; இடமே பதிவாகாதவை. அவற்றை வெற்றிடமாக்குங்கள், வரியை அழிக்காதீர்கள்.

சில பத்து மீட்டர் மட்டும், எல்லாக் கிணறும் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தால் அது டேட்டம், அதாவது ஆயங்களை அளக்க எடுத்துக்கொண்ட அடிப்படைச் சட்டகம். பழைய பதிவுகள் நாட் 27, புதியவை நாட் 83. வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். மேற்குக் கரையில் 100 மீட்டரை நெருங்கும். டெக்சஸ் தன் வரைபடக் கோப்பில் இரண்டு ஜோடி ஆயங்களையும் தருகிறது, அதனால் எதை எடுத்தீர்கள் என்று பாருங்கள். மற்ற இடங்களில் இபிஎஸ்ஜி 4267 (நாட் 27-க்கான குறியெண்) என்று அறிவித்துவிட்டு மாற்றுங்கள். செயற்கைக்கோள் படத்தில் ரிக் மேடை எங்கே இருக்கிறது என்று பத்துக் கிணற்றுக்காவது கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது.

கிணறுகள் சதுரங்கக் கட்டம்போல ஒழுங்காக நின்றால் அவை அளந்த இடங்கள் அல்ல. "பிரிவின் தெற்கு எல்லையிலிருந்து 660 அடி, மேற்கு எல்லையிலிருந்து 1980 அடி" என்ற பழைய நில அளவைக் குறிப்பிலிருந்தோ, வெறும் கட்டத்தின் மையத்திலிருந்தோ கணக்கிட்டவை. தவறில்லை, ஆனால் இடத்தின் துல்லியம் எவ்வளவு என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். பக்கத்து வீட்டுக் குடிநீர்க் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று ஒருவர் அளக்கப் போகிறார். வடக்கு டகோட்டாவின் கிணறுகள் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி விழுந்தால் நீங்கள் எடுத்தது தரையில் உள்ள வாயை அல்ல, கிடைமட்டத் துளையின் அடிமுனையை.

அறிகுறி: 2060-களில் தோண்டிய கிணறுகள்

ஆண்டு இரண்டு இலக்கத்தில் இருக்கிறது. பைத்தான் 69 முதல் 99 வரையானவற்றை 1900-களிலும், 00 முதல் 68 வரையானவற்றை 2000-களிலும் போடும். எக்செல் 30-ல் பிரிக்கும். ஒரே கோப்பு, இரண்டு கருவி, இரண்டு விடை. "தோண்டிய தேதி இன்றைய தேதியைத் தாண்டினால் 100 கழி" என்ற விதி பெரும்பாலும் போதும். பென்சில்வேனியாவில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய் கண்டது 1859-ல். அங்கே 59 என்பது எந்த நூற்றாண்டு என்று கேட்பது வேடிக்கைக்காக அல்ல. 1900 ஜனவரி 1 கொத்தாக வந்தால் அது "தெரியாது" என்று பொருள்.

அறிகுறி: எரிவாயு ஆயிரம் மடங்கு கூடவோ குறையவோ தெரிகிறது

வாயுவை அளக்கும் எம்சிஎஃப் (ஆயிரம் கன அடி) என்பதில் எம் ஆயிரம், ரோமன் கணக்கு. மில்லியன் அல்ல. மில்லியனுக்கு எம்எம்சிஎஃப். வித்தியாசம் ஆயிரம் மடங்காக இல்லாமல் இரண்டரை சதவீதம் அளவுக்கே இருந்தால், வாயுவை அளக்க எடுத்துக்கொண்ட அழுத்தம் வேறு: டெக்சஸ் சதுர அங்குலத்துக்கு 14.65 பவுண்டு, லூசியானா 15.025. மாநிலங்களை ஒப்பிடாத வரை இதை விட்டுவிடலாம்.

அறிகுறி: கடைசி மாதங்களில் உற்பத்தி சரிகிறது, அல்லது படிக்கட்டுபோல் ஏறி இறங்குகிறது

சரிவு எப்போதும் கடைசி சில மாதங்களில்தான் என்றால் கிணறு வற்றவில்லை. நிறுவனங்கள் அறிக்கையைத் தாமதமாகத் தருகின்றன, பிறகு திருத்தியும் தருகின்றன. பழைய மாதங்களையும் ஒவ்வொரு முறையும் மறுபடி ஏற்றுங்கள். வடக்கு டகோட்டாவில் புதிய கிணற்றின் பதிவுகள் ஆறு மாதம் வரை ரகசியமாக வைக்கப்படலாம், அதனால் அங்கே வெற்றிடத்தைப் பூஜ்யமாக்காதீர்கள். பென்சில்வேனியாவின் ஷேல் (களிப்பாறை) கிணறுகளுக்கு 2014 வரை ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கு, 2015 முதல் மாதக் கணக்கு. படிக்கட்டு அங்கிருந்து வருகிறது. ஆறு மாத எண்ணை ஆறாக வகுத்து வழுவழுப்பாக்குவதைவிட, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு நெடுவரிசை வைப்பது மேல்.

அறிகுறி: நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் இன்று பக்கம் இல்லை என்கிறது

அலுவலகத்தின் பெயர் மாறியிருக்கலாம், கூடவே முகவரியும். கலிபோர்னியாவின் எண்ணெய்க் கிணற்று அலுவலகமான டாகர் 2020 தொடக்கத்தில் கால்ஜெம் ஆனது. கொலராடோவின் ஆணையம் 2023 ஜூலையில் புதுப் பெயர் எடுத்தது. பக்கம் பக்கமாகச் சுரண்டுவதற்கு முன் மொத்தக் கோப்பு எங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

அறிகுறி: உங்கள் கணக்கும் மற்றவர்கள் கணக்கும் ஒத்துப்போகவில்லை

உங்களுடையது மிக அதிகம் என்றால், அனுமதி மட்டும் வாங்கித் தோண்டாமல் விட்டவையும் ரத்தானவையும் உள்ளே இருக்கின்றன. தோண்டிய தேதியோ, கம்ப்ளீஷன் தேதியோ, உற்பத்தியோ இல்லாதவற்றுக்கு "அனுமதி மட்டும்" என்று குறியிடுங்கள்.

கைவிடப்பட்ட கிணறுகளில் இந்தச் சண்டை பெரிது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 27 மாநிலங்களில் 117,672 அனாதைக் கிணறுகளைத் தொகுத்து வெளியிட்டது. இவை உரிமையாளர் இல்லாமல், அடைக்கப்படாமல், ஏதோ ஒரு மாநிலப் பட்டியலில் ஏறியவை மட்டும். 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டம் இத்தகைய கிணறுகளை அடைக்க 470 கோடி டாலர் ஒதுக்கியது. எது "அனாதை" என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வரையறுக்கிறது. அதனால் மாநிலத்தின் நிலைச் சொல்லை மாற்றாமல் ஒரு நெடுவரிசையிலும், உங்கள் பொதுச் சொல்லை அடுத்த நெடுவரிசையிலும் வையுங்கள். ஒருவர் உங்கள் வகைப்படுத்தலை ஏற்காவிட்டால் தன் வழியில் மறுபடி எண்ணிக்கொள்ளட்டும்.

ஆபரேட்டர் (கிணற்றை இயக்கும் நிறுவனம்) பெயரிலும் அதே வழி. "இன்க்" உள்ளதும் இல்லாததும், புள்ளி வைத்ததும் வைக்காததும் என்று ஒரே நிறுவனம் பல பெயரில் வரும். பெயரை விட்டுவிட்டு மாநிலம் தந்த ஆபரேட்டர் எண்ணைப் பிடியுங்கள். கிணறு கைமாறும்போது பழைய பெயரின் மேல் எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து யார் என்று புதிய வரி சேருங்கள். அனாதைக் கிணற்றை முன்பு யார் வைத்திருந்தார்கள் என்பதுதான் பின்னால் எல்லாரும் கேட்கும் கேள்வி.

மூலத்திலேயே தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், உதாரணத்துக்கு ஒரு கிணறு பக்கத்துக் கவுன்டியில் பதிவாகியிருந்தால், தரவுத்தளத்துக்குள் போய்க் கையால் மாற்றாதீர்கள். அடுத்த மாதம் புதுக் கோப்பு ஏறும்போது அந்தத் திருத்தம் காணாமல் போகும். ஏபிஐ எண், புலம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம் என்று ஐந்து நெடுவரிசையில் ஒரு தனித் திருத்தக் கோப்பு வைத்து, ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் அதை ஓட்டுங்கள். பழைய மதிப்பு மூலத்தில் இப்போது வேறாக இருந்தால் ஸ்கிரிப்ட் நின்று எச்சரிக்கட்டும். மாநிலமே சரிசெய்துவிட்டது என்று அப்போது தெரியும், அந்த வரியை எடுத்துவிடலாம். திருத்தத்தை மாநில அலுவலகத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள்.